கடுகளவு வட்டம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த சித்தூர் வட்டத்தில் மாநில எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை வெளியூரார் எளிதில் கண்டுகொள்ள மாட்டார். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். ஆனைமலைக்குத் தெற்கே, இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலோ, தேயிலைத் தோட்டத்து லயங்களில் பல தலைமுறைகளாகத் தமிழே பேச்சு மொழி. இவ்விரு பகுதியாருக்கும் பொதுவான வழக்கம் ஒன்றுண்டு. கண்ணுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவர்களுள் பலர் கிழக்கு நோக்கியே புறப்படுவர். கணவாய்க்காரர் வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூர் செல்வர்; மலைக்காரர் போடிமெட்டின் வளைவுகளிலோ குமுளிப் பாதையிலோ இறங்கித் தேனியை அடைவர். பிழைப்பின் பொருட்டு அவ்வூர்களினின்று பெங்களூருக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் சென்றவர்களோ, மாற்றலாகும் ஊர்தோறும் ஒரு கண் மருத்துவரைப் பார்க்கின்றனர்.

அவ்வாறு ஊர் மாறிய ஒருவரின் கண்ணைப் பற்றி இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. ஒருவர், "கண்நீர் அழுத்த நோயின் அடையாளம் இருக்கிறது, ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து இட வேண்டும்" என்பார். மற்றவர், "இது உங்களுக்கு இயல்பான அமைப்பு, மருந்தே வேண்டா" என்பார். நோயாளி திகைப்பார், இருவருள் ஒருவருக்குத் தொழில் தெரியாது என்று முடிவு கட்டுவார். உண்மையில் இருவரும் நன்கு கற்றவராகவே இருத்தல் கூடும். அவர்களை மாறுபடச் செய்தது, கண்ணின் பின்சுவரில் உள்ள கடுகளவான ஒரு வட்டம். அவ்வட்டத்தின் அளவும், அதன் வழியே நுழையும் இரத்தக் குழாய்களின் போக்கும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறே இங்குச் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அவ்வட்டம் யாதென்று பார்ப்போம். கண்ணின் உட்புறத்தே பின்சுவரில் விழித்திரை படர்ந்திருக்கிறது. அதில் விழும் ஒளியைச் செய்தியாக ஏற்று மூளைக்குக் கொண்டு செல்ல ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு இலட்சம் நரம்பிழைகள் உள்ளன. இவ்விழைகள் எல்லாத் திசைகளினின்றும் வந்து ஓரிடத்தில் கூடி, ஒரே கற்றையாகத் திரும்பி, கண்ணை விட்டு வெளியேறுகின்றன. வெளியேறும் அவ்வாயிலே பார்வை நரம்புத் தட்டு. அதன் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை என்பது பொதுக் கணக்கு. நரம்பு வெளியேறும் அதே வாயிலின் நடுவே ஒரு தமனி உள்ளே வருகிறது. ஒரு சிரை வெளியே போகிறது. தமனி மேலும் கீழுமாக இரண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் மூக்குப் பக்கம், நெற்றிப்பொட்டுப் பக்கம் எனப் பிரிந்து, விழித்திரையின் உட்படலங்களுக்கு இரத்தம் ஊட்டுகிறது. தமனி மெலிந்து வெளிர்சிவப்பாகத் தோன்றும். சிரை சற்றுப் பருத்துக் கருஞ்சிவப்பாக இருக்கும். நலமுள்ள பலரிடம் தட்டின் மேல் அச்சிரை மெல்லத் துடிப்பதையும் காணலாம். தோலைக் கீறாமல் மனித உடலின் தமனியையும் சிரையையும் நேரிற் பார்க்கத்தக்க இடம் இது.

இவ்வாயிலில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. ஆதலின் இங்கே விழும் உருவம் நமக்குத் தெரிவதில்லை. 1660-களில் பிரான்சு நாட்டு எத்மே மரியோட் இக்குருட்டுப் புள்ளியைக் கண்டறிந்தார். பின்னர் 1755-இல் ஜெர்மானியரான சின் என்பவர் கண்ணின் உடற்கூற்றைத் தனி நூலாக எழுதினார். நரம்புத் தட்டைச் சுற்றி இரத்தக் குழாய்கள் இடும் வளையம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் இவையெல்லாம் பிணத்தின் கண்ணைக் கொண்டோ, தன் பார்வையைத் தானே சோதித்தோ பெற்ற அறிவு. உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் ஒருவரும் பார்த்ததில்லை. கண்மணி கருமையாகத் தோன்றியது, அதற்கப்பால் இருட்டு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். பழைய உடற்கூற்று நூலார் இவ்விடத்திற்கு இட்ட இலத்தீன் பெயர் 'பாப்பில்லா'. முலைக்காம்பு என்பது அதன் பொருள். நரம்பு கண்ணுக்குள் சற்றே புடைத்து நிற்பதாக அவர்கள் எண்ணியமையே அப்பெயருக்குக் காரணம். இக்காலத் தமிழ் நூல்கள் 'தட்டு' என்கின்றன. புடைப்பு என்னும் குறிப்பு இச்சொல்லில் இல்லை. தட்டென்றால் நடுவே சற்றுக் குழிந்திருப்பதும் பொருந்தும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு அடுத்து நிகழ்ந்தது விடை சொல்லும்.

1850-ஆம் ஆண்டின் இறுதியில், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் கற்பித்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தம் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல முனைந்தபோது ஓர் எளிய உண்மையை உணர்ந்தார். கண்ணுக்குள் செல்லும் ஒளி, சென்ற வழியே திரும்புகிறது. பார்ப்பவரின் தலை விளக்கை மறைத்து விடுவதால்தான் கண்மணி கருமையாகத் தோன்றுகிறது. கண்ணாடித் தகடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பி, அத்தகட்டின் ஊடாகவே பார்த்தால், திரும்பி வரும் ஒளி பார்ப்பவரின் கண்ணை எட்டும். இவ்வாறு பிறந்ததே ஆஃப்தால்மாஸ்கோப் என்னும் கண்ணக நோக்கி. 1851-இல் அதனை விளக்கி அவர் சிறுநூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் கணக்குப் பொறிக்குப் பெயர் பெற்ற சார்லஸ் பாபேஜ் 1847-லேயே இதையொத்த கருவி ஒன்றைச் செய்து ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார் என்பதும், அம்மருத்துவர் அதன் அருமையை உணரவில்லை என்பதும் வரலாறு. கருவி கையில் இருந்தால் மட்டும் போதுமா? அதனுள் எதைக் காண்பது என்று கேட்கும் மனமும் அல்லவா வேண்டும்!

ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவியைப் பெர்லின் நகரத்து இளம் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே ஆர்வத்துடன் ஏற்றார். கண்நீர் அழுத்த நோயால், அதாவது இன்று மருந்துக் கடைக்காரரும் 'கிளாக்கோமா' என்று சொல்லும் நோயால், பார்வை இழந்தவர்களின் கண்ணுக்குள் அவர் நோக்கினார். தட்டின் ஓரத்தில் இரத்தக் குழாய்கள் திடீரென்று முறிந்தாற்போல் வளைவதைக் கண்டார். 1854-இல் அவர் எழுதியது யாதெனின், இந்நோயில் நரம்புத் தட்டு கண்ணுக்குள் புடைத்து எழுகிறது. குழாய்கள் அம்மேட்டின் மீது ஏறி இறங்குகின்றன என்பது. வியன்னாவின் எட்வர்ட் யேகரும் அவ்வாறே கருதினார். இருவரும் அக்காலத்தின் தலைசிறந்த கண்ணறிஞர். இருவரும் கண்டது தலைகீழ்.

ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவியில் ஆழம் தெரிவதில்லை. பள்ளத்தின் படமும் மேட்டின் படமும் ஒன்றுபோலவே இருக்கும். நிலவின் பள்ளங்களைப் புகைப்படத்தில் கொப்புளங்களாகக் காணும் மயக்கம் நம்மில் பலருக்கும் நேர்ந்ததே. 'காம்பு' என்ற பழைய பெயரும் அம்மயக்கத்திற்குத் துணை நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடோல்ஃப் வேபர் என்னும் இளைஞர் இது மேடன்று, பள்ளமே என்று சுட்டிக்காட்ட, கிரேஃபே தம் கூற்றைத் தாமே விரைவில் திருத்திக்கொண்டார். அதன் பின் ஹைன்ரிக் மியூல்லர், நோயுற்றிருந்த கண்களை அறுத்து நோக்கி, தட்டு உண்மையிலேயே பின்னோக்கிக் குழிந்திருப்பதை உறுதி செய்தார். குழாய்கள் மேட்டின் மீது ஏறவில்லை. பள்ளத்தின் விளிம்பில் மடிந்து உள்ளே இறங்கின. அவ்வளைவு துப்பாக்கி முனையில் பொருத்தும் ஈட்டியின் கழுத்தைப் போன்றிருப்பதால் 'பயனெட் வளைவு' என்று இன்றும் கண் மருத்துவர் சொல்வர். பிழையான முடிவுக்கு இட்டுச் சென்ற அதே இரத்தக் குழாய், பொருளறிந்த பின் நோயின் சாட்சியாயிற்று.

கிரேஃபேயின் திருத்தம் கண் மருத்துவத்திற்கு ஒரு புதிய இலக்கணத்தைத் தந்தது: தட்டு குழிந்தால் நோய். இது பாதி உண்மையே. நலமுள்ளவர் கண்ணிலும் தட்டின் நடுவே ஒரு குழிவு உண்டு. எந்தக் குழிவு இயல்பு, எந்தக் குழிவு நோய் என்று பிரிப்பதெப்படி? இக்கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

இதனிடையே கதை நம் பக்கம் வருகிறது. சென்னையில் 1819-ஆம் ஆண்டிலேயே ஒரு கண் மருத்துவமனை தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றான அது பின்னாளில் எழும்பூரில் அரசினர் கண் மருத்துவமனையாக நிலைத்தது. அன்று பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபார் சென்னை மாகாணத்தில் அடங்கியது. 1860-களில் கணவாயின் வழியே இருப்புப்பாதை போடப்பட்டபின், பாலக்காட்டார் வண்டியேறிச் சென்னை செல்வது எளிதாயிற்று. எழும்பூர் மருத்துவமனை அவர்களுக்குத் தங்கள் தலைநகரத்து மருத்துவமனை. சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது இவையனைத்தும் கேரளத்தில் இணைந்தன. அதன்பின்னும் கண் வைத்தியத்துக்குக் கிழக்கே செல்லும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

இந்த எழும்பூர் மருத்துவமனையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை வகித்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய வழியின்றித் தேங்கி, அழுத்தம் மிகுந்து, நரம்புத் தட்டை நசுக்குவதைத் தடுக்க, கருவிழியும் வெண்விழியும் சேரும் வரப்பில் நுண்ணிய வட்டத் துளையிடும் அறுவை முறையை அவர் 1909-இல் சென்னையில் கையாளத் தொடங்கினார். 1913-இல் அதனைப் பற்றி நூல் எழுதினார். சென்னையில் தோன்றிய இம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது; 1968-இல் கெய்ர்ன்ஸ் என்பார் விவரித்த புதிய முறை வந்தபின்பே படிப்படியாகப் பின்தங்கியது. எலியட்டைப் பற்றி இன்னொரு செய்தி: ஓய்வு பெற்று இலண்டன் திரும்பிய அவர், அங்குள்ள மாயவித்தைக்காரர் சங்கத்தில் சேர்ந்து, கயிறு வானில் நிற்க அதன்மீது சிறுவன் ஏறி மறையும் இந்தியக் கயிற்று வித்தை என்பது வெறும் கட்டுக்கதை என்று நிறுவ முனைந்தார். கண் மயக்கத்தை ஆராய்வதற்குக் கண் மருத்துவரைவிடத் தகுந்தவர் யார்?

நிற்க. இயல்பான குழிவையும் நோய்க் குழிவையும் பிரிக்கும் முயற்சிக்கு வருவோம். 1960-களில் அமெரிக்காவில் மன்சூர் அர்மாலி என்னும் மருத்துவர், குழிவின் குறுக்களவைத் தட்டின் குறுக்களவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு கண்களை ஒப்பிடலாம் என்று காட்டினார். தட்டு பத்துப் பங்கு என்றால் குழிவு மூன்று பங்கு இருப்பின் 0.3 என்று குறிப்பர். எளிய எண், இரண்டு நொடியில் எழுதிவிடலாம், ஆகவே உலகெங்கும் பரவியது. 0.3 நலம், 0.7 ஐயம் என்று மாணவர்கள் உருப்போடத் தொடங்கினர். எளிமையே அதன் குறையும் ஆயிற்று. விகிதம் மட்டும் குறிப்பில் இடம் பெற்றது. தட்டு பெரியதா சிறியதா என்பது விட்டுப்போயிற்று.

1976-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெங்ட்சன், தட்டின் குறுக்களவு கூடக்கூடக் குழிவின் குறுக்களவும் கூடுகிறது என்று அளந்து காட்டினார். இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரே அளவான வைக்கோல் கட்டை இரண்டு கூடைகளில் செருகுவதாகக் கொள்வோம். வாய் குறுகிய கூடையில் வைக்கோல் நெருங்கி நிறைந்து நடுவில் இடமே இராது. வாய் அகன்ற கூடையிலோ வைக்கோல் விளிம்பையொட்டிச் சாய்ந்து நிற்க, நடுவில் பெரிய வெற்றிடம் தோன்றும். வைக்கோல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவ்வாறே, ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையுள்ள நரம்பிழைகள் சிறிய தட்டின் வழியே செல்கையில் குழிவே இல்லாமலும், பெரிய தட்டின் வழியே செல்கையில் ஆழ்ந்தகன்ற குழிவோடும் தோன்றுகின்றன. ஆகவே பெரிய தட்டில் 0.7 என்பது பூரண நலமாக இருக்கலாம்; சிறிய தட்டில் 0.4 என்பதே நோயின் முதிர்ச்சியாக இருக்கலாம். முன்னவர் வீணே அஞ்சி மருந்திடுவார். பின்னவர் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்பிப் பார்வையை இழப்பார். இரண்டாவது இழப்பே கொடியது; இந்நோயில் போன பார்வை மீளாது.

தட்டின் அளவு எவ்வளவுதான் வேறுபடும்? 1988-இல் ஜெர்மனியில் யோஸ்ட் யோனாஸும் அவர் தோழரும் நலமுள்ளவர்களின் தட்டுகளைப் படமெடுத்து அளந்தனர். சராசரிப் பரப்பு 2.69 சதுர மில்லிமீட்டர். ஆனால் மிகச் சிறியது 0.80, மிகப் பெரியது 5.54. ஏறத்தாழ ஏழு மடங்கு வேற்றுமை! ஒருவர் கண்ணில் கடுகு. இன்னொருவர் கண்ணில் கம்பு. மனிதரின் உயரத்தில் ஏழு மடங்கு வேற்றுமையை நாம் எங்கேனும் கண்டதுண்டா? பின்னர் வேலூர் வட்டாரத்தில் அதே யோனாஸ், இந்திய மருத்துவர்களுடன் சேர்ந்து செய்த ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. அங்கே சராசரி 2.6 சதுர மில்லிமீட்டர் அளவில் இருந்தது. ஜெர்மானியருக்கும் வேலூராருக்கும் இடையே உள்ள வேற்றுமை சிறிது. ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டாருக்கு இடையே உள்ள வேற்றுமை பெரிது.

இரத்தக் குழாய்களின் கதையில் நம் நாட்டவர் ஒருவருக்குத் தனி இடம் உண்டு. பஞ்சாபில் 1927-இல் பிறந்த சோகன் சிங் ஹேரே, 1955 முதல் பாட்டியாலா அரசினர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றுத் துறையில் பணியாற்றியபோது, பார்வை நரம்பின் தலைக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று வினவினார். நடுவே நுழையும் அத்தமனியே எல்லாவற்றுக்கும் ஊட்டுகிறது என்று பலர் கருதியிருந்தனர். நரம்பின் நடுவே அதற்கெனத் தனித் தமனி ஒன்று ஓடுகிறது என்று பெல்ஜியத்து அறிஞர் சிலர் வாதிட்டனர். ஹேரே, ராம்ஜி தாஸ் என்பாருடன் சேர்ந்து, இறந்தோரின் தமனிகளில் இரப்பர்ப் பாலைச் செலுத்தி இறுகச் செய்து, நூலிழை போன்ற குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அவர்களுடைய கட்டுரைகள் 1960-இலும் 1962-இலும் பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் வெளிவந்தன. பின்னர் இலண்டன், எடின்பரோ, அமெரிக்காவின் ஐயோவா என்று சென்ற ஹேரே, வாழ்நாள் முழுவதும் இவ்வொரு பொருளையே தொடர்ந்தார். 2022-இல் காலமானார்.

அவர் நிலைநாட்டியது இது: தட்டின் மேற்படலத்துக்கு மட்டுமே விழித்திரையின் குழாய்கள் ஊட்டுகின்றன. அதற்குப் பின்னுள்ள ஆழமான பகுதிகளுக்கு, கண்ணின் பின்புறத்தைத் துளைத்து வரும் குறுந்தமனிகளே பெரும்பாலும் இரத்தம் தருகின்றன. அக்குறுந்தமனிகளின் எண்ணிக்கையும் அவை ஊட்டும் எல்லையும் ஆளுக்கு ஆள் வேறு. இரண்டு தமனிகளின் எல்லை சந்திக்கும் வரப்பு சிலருக்குத் தட்டின் குறுக்கே விழும். சிலருக்கு ஓரமாக விலகும். இரத்த ஓட்டம் தளரும்போது, கடைமடை வயல் முதலில் காய்வதைப்போல, அவ்வரப்பே முதலில் நலிகிறது. கடைமடை என்ற சொல்லின் கனத்தைச் சித்தூர் வட்டத்து உழவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. திடீரென்று இரத்தம் குறைந்து நரம்பின் தலை நலியும் நோய், இழைகள் நெருக்கியடித்து நிற்கும் சிறிய தட்டு உடையவரையே மிகுதியும் தாக்குகிறது என்பதும் இவ்வழி வந்த அறிவு. சிறிய தட்டுக்கு ஓர் இடர்; பெரிய தட்டுக்கு வேறோர் குழப்பம்.

இன்னொரு வேற்றுமையும் சொல்லத்தக்கது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கண்களில், நடுத் தமனியைச் சாராத தனிக் குழாய் ஒன்று தட்டின் ஓரத்தினின்று வளைந்து புறப்பட்டு, கூர்ந்த பார்வைக்குரிய பகுதியை நோக்கிச் செல்கிறது. சிரையினுள் ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் படம் பிடிக்கும் முறை 1961-இல் வந்த பின் இதன் பெருக்கம் தெளிவாயிற்று. அம்முறையை அமெரிக்காவில் அறிவித்த இருவரும் அப்போது மருத்துவ மாணவர். நடுத் தமனி அடைபட்டால் பார்வை ஒரே நொடியில் போய்விடும். அத்தனிக் குழாய் தக்க இடத்தில் உள்ளவருக்கோ, சுற்றிலும் இருண்டாலும் நடுப்பார்வை எஞ்சும். தன்னிடம் அத்தகைய குழாய் உண்டு என்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பவர் பலர்.

இவ்வளவு நுட்பம் பாமரர்க்கு எதற்கு என்று நேயர் சிலர் கேட்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் தமிழ்நாட்டு நாட்டுப்புறங்களில் நாற்பது வயது கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 2.6 பேருக்குக் கண்நீர் அழுத்த நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர். சங்கர நேத்ராலயத்தார் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் நடத்திய ஆய்வும் இதையே சொன்னது. அன்றியும், நோயுற்றோருள் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண்ணழுத்தம் சோதித்த வேளையில் இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தது. எனவே அழுத்தத்தை மட்டும் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிட முடியாது. தட்டைப் பார்த்தாக வேண்டும். விளிம்பு எங்கே மெலிந்திருக்கிறது, குழாய்கள் எங்கே வளைகின்றன, விளிம்பில் தீக்குச்சிக் கீற்றுப்போல் இரத்தக் கசிவு உண்டா என்று பார்த்தாக வேண்டும். அக்கசிவு நோய் வளர்வதன் அறிகுறி என்று 1970-இல் கனடாவின் ஸ்டீபன் டிரான்ஸ் வலியுறுத்தினார்.

இடுக்கி மலையடிவாரத்தில் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 1985-இல் தேனியிலும் 1997-இல் கோயம்புத்தூரிலும் கிளை கண்டது. எல்லை தாண்டி வரும் இருபகுதியாருக்கும் அவை வாய்ப்பாயின. 2004 முதலான ஆண்டுகளில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரத்துச் சிறு பார்வை மையங்களையும் நெடுந்தூரக் கம்பியில்லா இணைப்பால் பிணைத்தனர். மையத்தில் இருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் கண்டு பேசலாயினர். கண்ணின் படம் ஆளுக்கு முன்னே பயணம் செய்யத் தொடங்கியது.

படம் பயணம் செய்கிறது. ஆனால் எவ்வளவு தூரம்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். கணவாய்ப் பகுதியில் வளர்ந்த நான், இளமையில் கண்ணாடி வாங்கும்போது கோயம்புத்தூரில் கண்ணுக்குள் பார்க்கப்பட்டேன். பிறகு வேலை நிமித்தம் வடக்கே சென்றேன். நாற்பது கடந்தபின் ஒரு பெருநகரத்து மருத்துவர், விகிதம் 0.7 என்று எழுதி, நோய் தொடங்கிவிட்டது என்றார். கணிப்பொறி வரைந்த படமும் சிவப்பு நிறத்தில் எச்சரித்தது. இயல்பான தட்டுகளின் சேமிப்போடு ஒப்பிட்டே அக்கருவி நிறம் தீட்டுகிறது என்பதும், வழக்கத்துக்கு மிகப் பெரிய தட்டை அது நோயாகக் காட்டிவிடுவதுண்டு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஓராண்டு சொட்டு மருந்து இட்டேன். மாற்றலாகிச் சென்ற அடுத்த ஊரில், முதிய மருத்துவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பழைய படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. இருபதாண்டுக்கு முன் எழுதித் தந்த சீட்டு வீடு மாற்றியபோது போயிற்று. அச்சீட்டில் 0.7 என்றிருந்தால் இருபதாண்டாக ஒன்றும் மாறவில்லை என்று பொருள், 0.4 என்றிருந்தால் நோய் வளர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டில் எது என்று சொல்ல உலகத்தின் எந்தக் கருவிக்கும் அன்று வகையில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் பலரின் நிலை இதுவே. சொந்த ஊரில் ஒரே மருத்துவரிடம் செல்பவருக்கு அவருடைய கோப்பில் பழைய குறிப்பு இருக்கும். நமக்கோ குறிப்பு ஓரூரில், கண் ஓரூரில். தட்டின் அளவு ஏழு மடங்கு வேறுபடும்போது ஊராருடைய சராசரியோடு ஒப்பிட்டுப் பயன் கொஞ்சமே. ஒருவரின் இன்றைய தட்டை அவருடைய நேற்றைய தட்டோடு ஒப்பிடுவதே உறுதியான வழி. அவ்வொப்பீட்டுக்கு வேண்டியவை மூன்று: தட்டின் நிழற்படம், விகிதம், தட்டின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு. முதல் இரண்டைப் பல இடங்களில் கேளாமலே தருவர். மூன்றாவதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய கருவியும் வேண்டுவதில்லை. எல்லாக் கண் மருத்துவரிடமும் உள்ள ஸ்லிட் லாம்ப் விளக்கின் ஒளிக்கீற்றைத் தட்டின் உயரத்துக்குச் சரியாகக் குறுக்கி, அக்கருவியின் அளவுகோலைப் படித்து, கையிலுள்ள வில்லைக்கு உரிய எண்ணால் பெருக்கினால் கிடைத்துவிடும். ஒரு நிமிட வேலை.

அம்முதியவர் அவ்வாறே அளந்தார். என் இரு கண்களின் தட்டும் 2.3 மில்லிமீட்டர், பெரியவை. விளிம்பு எங்கும் மெலியவில்லை, குழாய்கள் மடியவில்லை, பார்வைப் புலச் சோதனையும் குறைகாட்டவில்லை. மருந்தை நிறுத்தி, ஆண்டுதோறும் படமெடுக்கச் சொன்னார். மூன்று ஆண்டுகளின் படங்கள் இப்போது குடும்ப அட்டையோடு ஒரே உறையில் இருக்கின்றன. முதற்படத்தின் மேல்மூலையில் அவர் கைப்பட எழுதிய 2.3 என்ற எண் இருக்கிறது.